இசைத்தட்டுப் பரிந்துரையும் இராம நாடகமும்

நல்ல நூலைத் தேர்ந்து கூறும் ஆசிரியர்க்கு நல்ல இசைத்தட்டைத் தேர்ந்து கூறுதலும் கடனாகும். நூலுக்கு அளவுகோல் பல உண்டு. தட்டுக்கோ பாடகரின் புகழே அளவுகோலாகி நிற்கிறது. அது போதாது. ஒரு படைப்பு தனக்குரிய வடிவில் தட்டில் நிற்கிறதா என்பதே முதலில் நோக்கத்தக்கது.

மொசார்ட்டின் 'பிகாரோவின் திருமணம்' 1786இல் வியன்னாவில் அரங்கேறிய இசை நாடகம். 1955இல் எரிக் கிளைபர் நடத்திய பதிவு ஏறத்தாழ 3 மணி நேரம் ஓடும். பாட்டுகளை மட்டும் பொறுக்காமல் இடையில் வரும் இசையுரையாடலையும் அது தருகிறது. ஆதலால் யார் யாரை ஏய்க்கிறார் என்பது கேட்போர்க்கு விளங்கும்.

திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் தோடி வேறு வகையது. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் 3 நிமிட அளவே கொள்ளும். மணிக்கணக்கில் இராகத்தை விரிக்கவல்லவர் அச்சிறு வரம்புக்குள் தோடியின் உருவை நிறுத்திவிட்டார். குறட்பாவின் குறுக்கம் குறையன்று; இதுவும் அத்தகையதே.

பிரையன் ஈனோவின் 'விமான நிலையங்களுக்கான இசை' (1978) மேடையில் பிறந்ததன்று. வெவ்வேறு நீளமுள்ள ஒலிநாடா வளையங்களைச் சுழலவிட்டு ஆக்கப்பட்டது அது. அதற்குத் தட்டே மூலம். தம்புராவின் சுருதியில் தோய்ந்த செவிக்கு அது அயலாகத் தோன்றாது. பாட்டை எதிர்நோக்குவோர் மட்டுமே ஏமாறுவர்.

இம்மூன்றும் தத்தம் அளவில் நிறைந்தவை. இனி நம் செல்வத்தைக் காண்போம். சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) மொசார்ட்டுக்கு மூத்தவர். அவருடைய இராம நாடகம் கம்பனைத் தழுவி, விருத்தமும் தருவும் வசனமும் விரவிய முழு நாடகம். ஆயினும் கச்சேரியிலும் தட்டிலும் பெரிதும் ஒலிப்பவை அதன் தனிப்பாடல்களே. குரல் இனிக்கிறது, யார், யாரிடம், எந்நிலையில் பேசுகிறார் என்பது மறைகிறது. நாடகம் துக்கடாவாகச் சுருங்குகிறது.

1903இல் பிரெட் கைசுபர்க் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து மலாய்ப் பாடல்களைப் பதிந்த நகர் சிங்கப்பூர். 2002இல் எசுபிளனேடில் நிகழ்கலைகளுக்கெனத் தனி நூலகம் திறந்த நகரும் அதுவே. இங்குள்ள தமிழாசிரியர்க்குத் தட்டுகளைத் தேடுதல் அரிதன்று. கிடைக்கும் பாடல்களைக் காண்ட வரிசையில் அடுக்குக. இடையில் வரும் விருத்தத்தையும் வசனத்தையும் அச்சு நூலைக்கொண்டு மாணவரே படிக்கட்டும். சிதறிய பாடல்கள் வகுப்பறையில் மீண்டும் நாடகமாகும். புகழ் பெற்ற குரல் ஒன்றைச் சுட்டுவதினும் இதுவே பயனுள்ள பரிந்துரை.