தோல்வியின் மதிப்பு

தொலைக்காட்சி மல்யுத்தத்தில் வெற்றி தோல்விகள் முன்னரே வகுக்கப்படுகின்றன. ஆதலின் அதிற் காணத்தக்கது ஒன்றுமில்லை என்பர் சிலர். நாடகத்தின் முடிவும் முன்னரே எழுதப்பட்டதுதான். அதற்காக நாடகத்தைப் பழிப்பார் இல்லை. முடிவு வகுக்கப்பட்டதா என்பதன்று வினா. காண்போர் ஏற்கும்படி அது வளர்க்கப்பட்டதா என்பதே வினா.

அமெரிக்காவில் 1993 சனவரியில் தொடங்கிய 'மண்டே நைட் ரா' என்னும் வாராந்தர நிகழ்ச்சி இதற்குத் தக்க சான்று. அவ்வாண்டு மே 17ஆம் நாள், ரேசர் ராமோன் என்ற பெருவுடல் வீரரை மெலிந்த இளைஞர் ஒருவர் வீழ்த்தினார். நடுவர் மூன்று எண்ணி முடித்ததும் கூட்டம் ஆர்ப்பரித்தது. அதன்பின் 'ஒன் டூ த்ரீ கிட்' என்பதே அவர் பெயராயிற்று. அவ்வார்ப்பரிப்புக்குக் காரணம் அன்றைய ஆட்டம் மட்டுமன்று. முந்திய வாரங்களில் அவர் அடைந்த தோல்விகளுமாம்.

அந்நாளில் நிகழ்ச்சி ஒரு மணி நேரமே நடந்தது. 1997இல் அது இரண்டு மணியாயிற்று, 2012இல் மூன்றாயிற்று. நேரம் பெருகவே, பெயர்பெற்ற வீரர்களே மீண்டும் மீண்டும் தம்முள் மோதலாயினர். இவ்வாரம் தோற்றவர் மறுவாரம் வென்றார். தோல்வி பொருளற்றதாகவே வெற்றியும் சுவை குன்றிற்று.

2025 முதல் இந்நிகழ்ச்சி நெட்பிளிக்ஸ் வழியே வருகின்றது. எவ்வழி வரினும், தோற்பவருடைய கதையையும் பொறுமையுடன் சொன்னாலன்றி இக்கலை தழைப்பது அரிது.