விடுபட்ட அக்டோபர்

2023-ஆம் ஆண்டு மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாளன்று, அயர்லாந்து நாட்டின் 'யு2' இசைக்குழு நாற்பது பாடல்கள் அடங்கிய தொகுப்பொன்றை வெளியிட்டது. 'சாங்ஸ் ஆஃப் சரண்டர்' என்பது அதன் பெயர். சரணடைவின் பாடல்கள் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அவற்றுள் புதிய பாடல் ஒன்றுகூட இல்லை. நாற்பது ஆண்டுகளாகத் தாங்கள் பாடிவந்தவற்றையே எடுத்து, டிரம்ஸின் முழக்கத்தையும் மின்கிதாரின் ஆரவாரத்தையும் அடக்கி, சுருதியை இறக்கி, சிறிய அறையில் நாலு பேருக்குப் பாடுவதுபோல் மீண்டும் பாடியிருந்தார்கள். குழு தொடங்கியபோது பாடகர் போனோவுக்கு வயது 16. இத்தொகுப்பு வெளிவந்தபோது 62.

முதியவர் ஒருவர் தம் இளமைக்கால நாட்குறிப்பை எடுத்து வாசிக்கும்போது, எதை உரக்க வாசிக்கிறார் என்பதைவிட எந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறார் என்பதே நம் கவனத்தைக் கவர்கிறது. இத்தொகுப்பின் பட்டியலை நாம் அவ்வாறே பார்த்தோம். 1980-இல் வந்த முதல் தட்டான 'பாய்'-இலிருந்து மூன்று பாடல்கள் இருக்கின்றன. 1983-இல் வந்த மூன்றாவது தட்டான 'வார்'-இலிருந்தும் மூன்று. இடையில், 1981-இல் வந்த 'அக்டோபர்' தட்டிலிருந்து ஒன்றுகூட இல்லை. (2009-இல் வந்த ஒரு தட்டும் இவ்வாறே விடுபட்டது. அதைப் பற்றி நமக்குப் பெரிய வருத்தமில்லை.) அக்குழுவின் தட்டுகளிலேயே வெளிப்படையாகச் செபம் செய்யும் தட்டு 'அக்டோபர்'தான். அது ஏன் விடுபட்டது என்ற கேள்வி எழுந்ததால், முதல் மூன்று தட்டுகளையும் வரிசையாக எடுத்துவைத்து மறுபடியும் கேட்டோம்.

போனோவின் இயற்பெயர் பால் ஹியூசன். தந்தை கத்தோலிக்கர், தாய் ஐரிஸ், ஆங்கிலிக்க மரபைச் சார்ந்த அயர்லாந்து சபையினர். இன்று நமக்கு இது பெரிய செய்தியாகத் தோன்றாது. 1950-களின் டப்ளினில் அத்தகைய திருமணம் இரு வீட்டாரும் முகம் சுளிக்கும் காரியம். ஞாயிற்றுக்கிழமைகளில் தாயும் மைந்தர் இருவரும் ஓர் ஆலயத்துக்கும், தந்தை வேறோர் ஆலயத்துக்கும் சென்றனர். 1974 செப்டம்பரில், தன் தந்தையின் அடக்கச் சடங்கின்போது ஐரிஸ் மயங்கி விழுந்தார். சில நாள்களில் இறந்தார். மகனுக்கு அப்போது வயது 14. அதற்குப்பின் அந்த வீட்டில் மூன்று ஆண்கள் இருந்தார்கள். தாயைப் பற்றி ஒருவரோடொருவர் பேசவே இல்லை என்று போனோ பலமுறை கூறியிருக்கிறார். எல்லாச் சபைப் பிள்ளைகளும் சேர்ந்து பயின்ற மவுண்ட் டெம்பிள் பள்ளியில், லாரி மல்லன் என்னும் மாணவன் 1976-இல் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய ஒரு தாளிலிருந்து குழு பிறந்தது. வீட்டில் பேச முடியாததைப் பேச ஓர் இடம் அந்தச் சிறுவனுக்குக் கிடைத்தது.

'பாய்' தட்டின் முதற்பாடலான 'ஐ வில் ஃபாலோ' தாயைப் பற்றியது. மகனை விட்டு அகலாத தாயன்பைப் பற்றியது. டப்ளினின் விண்ட்மில் லேன் ஒலிப்பதிவுக்கூடத்தில் ஸ்டீவ் லில்லிவைட் அதைத் தயாரித்தார். டிரம்ஸுக்குப் போதிய எதிரொலி வேண்டும் என்பதற்காக அதைக் கட்டடத்தின் வரவேற்புப் பகுதியில் வைத்துப் பதிவு செய்தார்கள். பகலில் அங்கே தொலைபேசி மணி ஒலித்துக்கொண்டேயிருக்கும். ஆகவே அலுவலர்கள் வீடு திரும்பும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சுழலும் மிதிவண்டிச் சக்கரத்தின் ஒலியும், உடையும் கண்ணாடிப் புட்டியின் ஒலியும்கூடப் பாடலில் சேர்ந்திருக்கின்றன. ஆளற்ற கட்டடத்தில் இரவில் விளையாடும் பிள்ளைகளின் துணிச்சல் அத்தட்டு முழுவதிலும் கேட்கிறது.

அக்குரலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். போனோவின் தந்தை இத்தாலிய இசைநாடகங்களில் தோய்ந்தவர். தாமும் நன்றாகப் பாடக்கூடியவர். மகனைப் பற்றி அவர் சொன்னதாக ஒரு கேலி உண்டு: இவன் நடுத்தரக் குரல்காரன், தன்னை உச்சக் குரல்காரன் என்று எண்ணிக்கொண்டிருக்கிறான் என்பதே அது. கேலியில் உண்மையும் இருந்தது. முதல் மூன்று தட்டுகளிலும் போனோ தமக்கு எட்டாத உயரத்தையே எட்டிப் பிடிக்க முயல்கிறார். குரல் மெலிகிறது, நடுங்குகிறது, சில இடங்களில் பிளவுபடுகிறது. 2022 ஜனவரியில் ஒரு நேர்காணலில், வண்டியில் போகும்போது வானொலியில் தம் பழைய பாடல் ஒலித்தால் வெட்கத்தால் முகம் சிவந்துவிடுகிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். தாம் பாடக் கற்றுக்கொண்டது பிற்காலத்தில்தான் என்ற பொருளிலும் பேசினார். மறுபதிப்பில் சுருதி இறங்கியிருப்பதன் காரணம் நமக்கு இப்போது விளங்குகிறது.

அவருடைய வெட்கத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் அதோடு உடன்பட இயலவில்லை. 'ஐ வில் ஃபாலோ'வின் இரு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு புலனாகும். 2023-இன் வடிவில் சொற்கள் தெளிவாக இருக்கின்றன. மூச்சு சீராக இருக்கிறது. பாடகர் தம் துயரத்தை அறிந்தவராகப் பாடுகிறார். 1980-இன் வடிவில் பாடுபவனுக்குத் தான் எதைப் பற்றிப் பாடுகிறோம் என்பதே பாதிதான் தெரியும். அவன் ஓடுகிறான், யாரையோ பிடிக்க ஓடுகிறான். எட்டாத சுருதி அங்கே குறையாகக் கேட்கவில்லை, ஓட்டத்தின் இரைப்பாகவே கேட்கிறது.

இனி 'அக்டோபர்'. 1981 மார்ச்சில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் இசைநிகழ்ச்சி ஒன்றின்போது போனோவின் கைப்பை காணாமற் போயிற்று. அடுத்த தட்டுக்காக அவர் எழுதிவைத்திருந்த குறிப்புகள் அதில் இருந்தன. (23 ஆண்டுகள் கழித்து, 2004-இல், அது அவரிடம் திரும்பி வந்து சேர்ந்தது.) ஒலிப்பதிவுக்கு நாள் குறித்தாயிற்று; கையில் சொற்கள் இல்லை. ஒலிவாங்கியின் முன் நின்று, வாயில் வந்ததைப் பாடி, அதையே பாட்டாக்க வேண்டிய நிலை.

அதைவிடப் பெரிய நெருக்கடி வேறொன்று. குழுவின் நால்வரில் போனோ, எட்ஜ், லாரி ஆகிய மூவரும் டப்ளினில் 'ஷாலோம்' என்ற செபக் குழுவில் சேர்ந்திருந்தனர். ஆடம் கிளேட்டன் மட்டும் சேரவில்லை. ராக் இசையும் கிறிஸ்தவ வாழ்வும் ஒன்றாகச் செல்லா என்று அச்செபக் குழுவில் சிலர் அழுத்தம் தந்தனர். எட்ஜ் குழுவை விட்டே விலக எண்ணினார்; போனோவும் அவரைப் பின்தொடர ஆயத்தமானார். மேலாளர் பால் மெக்கின்னஸிடம் இதைச் சொன்னபோது, நிகழ்ச்சிகளுக்கு ஒப்பந்தம் செய்தாயிற்றே, கொடுத்த வாக்கை மீறும்படியா கடவுள் உங்களிடம் சொன்னார் என்று அவர் கேட்டாராம். குழு கலையவில்லை. மெக்கின்னஸ் அன்று இறையியல் பேச எண்ணியிருக்கமாட்டார். பேசியதென்னவோ நல்ல இறையியலே.

இந்த நெருக்கடிக்கு நடுவே பதிவான தட்டு எப்படியிருக்கும்? நாம் முதலில் ஒலிநாடாவில் இதைக் கேட்டபோது பக்தி ஆர்வத்தின் கூச்சல் என்று ஒதுக்கினோம். இன்றும் அதன் குறைகளை மறைக்க விரும்பவில்லை. 'ரிஜாய்ஸ்' ஒரே ஏவலைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. இறுதிப் பாடல் பழைய இசைத்துண்டு ஒன்றை இழுத்து நீட்டியதுபோல் இருக்கிறது. பிரிட்டனில் இத்தட்டு 11-ஆம் இடத்தோடு நின்றது. அடுத்து வந்த 'வார்' முதலிடத்தைப் பிடித்தது. ஆனால் முதற்பாடலான 'குளோரியா'வைப் பாருங்கள். பாடுபவன் பேச வாயெடுக்கிறான், சொல் வரவில்லை. எழ முயல்கிறான், கால் ஊன்றவில்லை. தாய்மொழி கைவிட்ட அந்த நேரத்தில் அவன் இலத்தீனுக்குத் தாவுகிறான். நாம் திருப்பலியில் 'வானவர் கீதம்' என்று வழங்கும் புகழ்ப்பாவின் முதற்சொல்லையும், திருப்பாடலின் சாயல் கொண்ட சொற்களையும் சேர்த்துக் கூவுகிறான். இலக்கணம் கற்றவர் அந்த இலத்தீனை ஏற்கமாட்டார். குருமடத்தில் எழுதினால் சிவப்பு மையால் திருத்துவார்கள். அவன் அங்கே மொழிபெயர்த்துக்கொண்டிருக்கவில்லை. அரைகுறையாகக் காதில் விழுந்த ஒரு பழைய வழிபாட்டு மொழியை, மூழ்குகிறவன் கயிற்றைப் பற்றுவதுபோல் பற்றுகிறான். தந்தையின் ஆலயத்துக்கும் தாயின் ஆலயத்துக்கும் இடையே வளர்ந்த ஒருவன், இரண்டிலும் அப்போது யாரும் பேசாத மொழியில் செபிக்கிறான் என்பதையும் இங்கே எண்ணிப்பார்க்கலாம்.

'டுமாரோ' என்னும் பாடலை நாம் இத்தட்டின் சிகரமாகக் கருதுகிறோம். அயர்லாந்தின் மரபுக் கருவியான துருத்திக்குழல் தொலைவிலிருந்து புலம்புவதுபோல் தொடங்குகிறது. வீட்டு வாசலில் கரிய வண்டி ஒன்று நிற்கிறது. கதவைத் திறக்காதே என்ற அச்சம் பாடல் முழுவதும் அதிர்கிறது. பாடியபோது அயர்லாந்தின் வன்முறைச் சூழலைப் பற்றிப் பாடுவதாகவே போனோ எண்ணியிருந்தார். அது தம் தாயின் அடக்கச் சடங்கைப் பற்றியது என்று பின்னரே உணர்ந்தார். ஏழு ஆண்டுகள் வீட்டில் பேசாமல் அடக்கிவைத்தது, கைப்பை தொலைந்து சொல்லின்றி நின்ற வேளையில், பாடுபவனின் அனுமதியைக் கேளாமல் வெளியே வந்தது. எழுதிவைத்த வரிகள் கையில் இருந்திருந்தால் இது வந்திருக்குமா என்று நமக்கு ஐயமாக இருக்கிறது. பாடலின் பிற்பகுதியில் புலம்பல் வேகமெடுத்து மன்றாட்டாக மாறுகிறது. அவ்விடத்தில் குரல் உடைவது நன்றாகக் கேட்கிறது. தேர்ந்த பாடகர் அதை இன்னொரு முறை பாடித் திருத்தியிருப்பார்.

தட்டின் தலைப்புப் பாடலில் எட்ஜ் கிதாரை வைத்துவிட்டுப் பியானோ வாசிக்கிறார். சொற்கள் மிகச் சில. இலையுதிர்ந்த மரமும் வீழும் அரசுகளும் நிலைத்திருப்பவர் ஒருவரும் மட்டுமே. அதற்குமேல் நாம் சொல்ல ஒன்றுமில்லை.

மறுதொகுப்பு முழுவதும் தோல்வி என்று சொல்லமாட்டோம். 'சண்டே பிளடி சண்டே' இன்று ஆரவாரம் நீங்கி, வெறும் கிதாரோடு ஒலிக்கும்போது, 1972 ஜனவரி 30 அன்று டெரி நகரில் சுடப்பட்டு இறந்தவர்களுக்கு அருகில் நாம் அமர்ந்திருப்பதுபோல் இருக்கிறது. பழைய வடிவின் படையணி முழக்கம் சில சமயம் அம்மரணங்களையே மறைத்துவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது. நாற்பதாவது பாடலாக நாற்பதாம் திருப்பாடலைத் தழுவிய '40'-ஐ வைத்திருப்பதும் பொருத்தமே. 1982-இல் 'வார்' பதிவின் கடைசி நேரத்தில், அடுத்த குழு கூடத்துக்குள் வரக் காத்திருக்க, ஆடம் வீட்டுக்குப் போய்விட்டதால் எட்ஜே பேஸ் கிதாரையும் வாசிக்க, விவிலியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவசரமாக உருவாக்கிய பாடல் அது. 'எவ்வளவு காலம்' என்று ஆறாம் திருப்பாடல் எழுப்பும் கேள்வி அதில் பல்லவியாயிற்று. பல்லாண்டுகள் மக்கள் அதைப் பாடிக்கொண்டே அரங்கை விட்டு வெளியேறினார்கள். அவசரத்தில் பிறந்த இந்த ஒன்றை ஏற்றுக்கொண்டவர், அவசரத்தில் பிறந்த மற்றொரு தட்டு முழுவதையும் ஏன் கடந்து சென்றார்?

போனோ அக்காலத்தை மறைக்கிறார் என்று குற்றம் சாட்ட நமக்கு உரிமையில்லை. 2022-இல் வந்த அவருடைய நினைவுநூலில் 'அக்டோபர்' என்ற தலைப்பிலேயே ஓர் அதிகாரம் இருக்கிறது. 'குளோரியா'வை மேடையில் அவ்வப்போது பாடியும் வருகிறார். 1999-இல் திருப்பாடல்களின் பதிப்பொன்றுக்கு முன்னுரை எழுதியபோதும், விவிலிய மொழிபெயர்ப்பாளர் யூஜின் பீட்டர்சனோடு உரையாடியபோதும், தாவீதின் பாடல்களில் தம்மைக் கவர்வது ஒளிவுமறைவற்ற உண்மையே என்றார். கிறிஸ்தவக் கலைஞரிடம் அந்த உண்மை போதவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். அவர் கேட்ட உண்மை அவருடைய இருபத்தொன்றாம் வயதின் தட்டிலேயே இருக்கிறது. அதை எழுத்தில் விளக்க முடிந்தவரால் மீண்டும் பாட இயலவில்லை. கற்ற குரலுக்கு அந்தச் செபம் வசப்படாது என்று அவரே உணர்ந்திருக்கலாம். அப்படியானால் இந்த விடுபாட்டில் ஒரு நேர்மையும் இருக்கிறது.

ஆயினும் நமக்கு ஓர் ஏக்கம் மிஞ்சுகிறது. 'டுமாரோ'வை மட்டுமாவது அவர் மறுபடி பாடியிருக்கலாம். தாய் இறந்தபோது இருந்த வயதை மகன் எப்போதோ கடந்துவிட்டார். 2001-இல் தந்தையையும் அடக்கம் செய்தார். அந்தக் கரிய வண்டி எதற்காக வாசலில் நிற்கிறது என்று இப்போது அவருக்கு நன்றாகத் தெரியும். அச்சமின்றிக் கதவைத் திறந்து பார்க்கும் குரல் எப்படியிருக்கும் என்று கேட்க விரும்பினோம்.