கூடா நட்பு: ஒரு சொல்லின் பொருள்

சிரம்பானை அடுத்த தோட்டமொன்றில் நாம் கண்டது இது. இளைஞர் இருவர், அடுத்தடுத்த நிரைகளில் பால்மரம் வெட்டுபவர், ஒரே பொட்டலத்துச் சோற்றைப் பகிர்ந்துண்பவர். அவருள் ஒருவனை அவன் பெரியப்பா லயத்து வாசலில் நிறுத்தி, மற்றவன் சாதியைச் சுட்டி, “கூடா நட்பு என்று வள்ளுவரே தடுத்திருக்கிறாரடா!” என்று கண்டித்தார். பையன் வாய் திறவாது நின்றான். குறளுக்கு எதிர்வழக்கு ஏது?

ஆங்கிலப் பள்ளியில் பயின்று கிராணியான நாம், குறளை முதன்முதல் படித்தது 1886-இல் வெளிவந்த போப்பையர் மொழிபெயர்ப்பில்தான், சொல்ல நாணமே. 83-ஆம் அதிகாரத்திற்கு அவர் இட்ட தலைப்பு ‘உண்மையல்லாத நட்பு’ என்னும் பொருளது. ‘தகாத நட்பு’ என்பதன்று. ஐயுற்றுப் பரிமேலழகரைப் புரட்டினோம். பகைமையால் உள்ளத்தே கூடாதிருந்து, வாய்ப்புக் கிட்டுமளவும் புறத்தே மட்டும் கூடி ஒழுகுவார் நட்பு என்பதே அவர் கருத்து. ‘கூடாது’ என்று விலக்கும் இக்கால வழக்கை அப்பழைய சொல்லின்மேல் ஏற்றியதே பிழை. இந்நாளைய செய்தித்தாள்களோ, கள்ளத்தொடர்புக்கும் இச்சொல்லையே இட்டு அதனை மேலும் கெடுத்துவிட்டன.

அதிகாரத்தின் உள்ளே நுழைந்தால் ஐயமே இராது. அடிக்கும் இடம் வாய்க்குமளவும் தாங்குவதுபோல் கிடக்கும் பட்டடையும், தொழுத கையுள் ஒடுங்கிய படையும் அங்கே காணப்படுகின்றன. எந்தக் குலத்தானோடு பழகலாகாது என்னும் பேச்சே இல்லை. இன்னும் வேடிக்கை, 830-ஆம் குறள்: பகைவரோடு நட்பாக வேண்டிய காலம் வந்தால் முகத்தளவில் நட்பாடி, அகநட்பை விட்டுவிடுக என்கிறது அது. ‘கூடா’ என்பது தடையானால், அத்தடையை ஆசிரியர் தாமே மீறச் சொல்வரோ? பொருட்பாலில் அரசனை நோக்கிக் கூறியதை லயத்துப் பையன்மேல் ஏவுகின்றோம்.

46-ஆம் அதிகாரமாகிய சிற்றினம் சேராமையைச் சிலர் காட்டலாம். அங்கும் பரிமேலழகர் சிற்றினம் எனக் கொண்டது, நன்மை தீமை இல்லையென்பாரையும் தூர்த்தரையும் போன்ற குழுவையே. ஒழுக்கத்தால் சிறியவர், பிறப்பாலன்று.

அப்பெரியவரோ, ஆண்டுதோறும் கோயில் திருவிழாவிற்கு நன்கொடை கேட்டு அம்மற்றவன் தகப்பனாரைத் தோள்தழுவிப் பேசுபவர். தம் வீட்டுக் குவளையில் அவருக்குத் தண்ணீர் கொடாதவர். பையனிடம் அந்த அதிகாரத்தை உரையோடு கொடுத்திருக்கிறோம். பெரியவர் கேட்டால் அவருக்கும் ஒரு படி உண்டு.