ஆறில் ஒருவரா, நூறில் ஒருவரா?

மார்ச் மாதம் இரண்டாவது வியாழக்கிழமை உலக சிறுநீரக தினம். அன்றைய செய்திகளில் ‘பத்தில் ஒருவருக்குச் சிறுநீரக நோய்’ என்ற வரி தவறாமல் இடம்பெறும். இந்தியா என்றால் கணக்கு இன்னும் ஏறும். நாட்டின் பல மருத்துவ மையங்கள் சேர்ந்து நடத்திய ‘சீக்’ ஆய்வு 2013இல் வெளியானது. 5,588 பேரைச் சோதித்ததில் 17.2 சதவீதம் பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் என்றது அது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். ஆனால் 2005இல் வெளியான டெல்லி ஆய்வு, ஏறத்தாழ 5,000 பெரியவர்களைச் சோதித்துக் கண்டது 0.79 சதவீதம்தான். நூறு பேரில் ஒருவர்கூட இல்லை.

எட்டு ஆண்டுகளில் ஒரு நோய் இருபது மடங்கு பெருகிவிடாது. மாறியது அளவுகோல். எது சரியான அளவுகோல் என்று தெரியாமல் எந்த எண்ணை நம்புவது, யாரைச் சோதிப்பது, காசை எங்கே போடுவது என்று முடிவெடுக்க முடியாது.

டெல்லி ஆய்வு ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு டெசிலிட்டருக்கு 1.8 மில்லிகிராமைத் தாண்டியவர்களை மட்டுமே நோயாளிகளாக எண்ணியது. அந்த வரம்பு எவ்வளவு கடுமையானது என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். இன்று பல பரிசோதனைக் கூடங்கள் பயன்படுத்தும் 2021ஆம் ஆண்டு சூத்திரப்படி, 65 வயதுப் பெண்ணுக்குக் கிரியாட்டினின் 1.8 என்றால் வடிகட்டும் திறன், அதாவது இ.ஜி.எஃப்.ஆர்., ஏறத்தாழ 31. பாதிக்கும் மேல் போன பிறகும் அவர் அந்த ஆய்வின் கணக்கில் வரமாட்டார். அகலக் கண்ணி வலையில் பெரிய மீன் மட்டும்தானே சிக்கும்? 0.79 என்பது முற்றிய நோயின் கணக்கு. நோயின் மொத்தப் பரப்பை அது சொல்லவில்லை.

சீக் ஆய்வின் வலை நேரெதிர். இ.ஜி.எஃப்.ஆர். 60க்குக் கீழே இருந்தாலும் சரி, சிறுநீரில் புரதம் வெளியேறினாலும் சரி, நோயாளி என்று எண்ணியது. அந்த 17.2 சதவீதத்தைப் பிரித்துப் பார்த்தால், திறன் உண்மையிலேயே குறைந்து மூன்றாம் கட்டத்தையோ அதற்கு மேலோ எட்டியவர்கள் 6 சதவீதம்தான். மீதி 11 சதவீதம் பேருக்கு வடிகட்டும் திறன் பெரிதாகக் குறையவில்லை. சிறுநீர்ச் சோதனையில்தான் குறை. சீனாவிலும் இதே கதைதான். 2012இல் வெளியான தேசிய ஆய்வு 10.8 சதவீதம் என்றது. சோதிக்கப்பட்டவர்களில் திறன் குறைந்தவர்கள் வெறும் 1.7 சதவீதம்.

சிறுநீரில் புரதம் போவதை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரகம் கெடத் தொடங்கியதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதுதான். ஆனால் காய்ச்சல், கடும் உழைப்பு, சிறுநீர்த் தொற்று, மாதவிலக்கு ஆகியவற்றாலும் புரதம் தற்காலிகமாகக் கூடும். அதனால்தான் குறை மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் மட்டுமே ‘நாள்பட்ட’ நோய் என்று உலக வழிகாட்டு நெறிகள் வரையறுக்கின்றன. பெரும்பாலான கணக்கெடுப்புகள் ஒருமுறை சோதித்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. மூன்று மாதம் கழித்து அதே ஆட்களைத் தேடிப் போவது செலவு. பலர் கிடைக்கவும் மாட்டார்கள்.

அந்தச் செலவைச் செய்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2023 கோடையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்தார்கள். முதல் சுற்றில் ஏறத்தாழ 17 சதவீதம் பேருக்குச் சிறுநீரகக் குறை தெரிந்தது. குறை தெரிந்தவர்களை மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்தபோது நாள்பட்ட நோய் என்று உறுதியானவர்கள் மொத்தத்தில் 5 சதவீதச் சொச்சம். முதல் நாள் கணக்கோடு நிறுத்தியிருந்தால் நோய் மூன்று மடங்காகத் தெரிந்திருக்கும்.

யார் வந்து சோதித்துக்கொண்டார்கள் என்பதும் முக்கியம். சீக் ஆய்வில் பங்கேற்றோர் பலர் முகாமுக்குத் தாமாக வந்தவர்கள். ஏற்கெனவே சுகர், பிரஷர் உள்ளவரும், குடும்பத்தில் ஒருவரை டயாலிசிஸில் பார்த்தவரும்தான் முகாமுக்கு முதலில் வருவார்கள். ஒரு மையத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவு, இன்னொரு மையத்தில் 40க்கும் மேல் என்று முடிவுகள் சிதறியதற்கு ஊரின் தண்ணீரைவிட ஆள் சேர்ந்த விதமே முதல் காரணமாக இருக்கக்கூடும்.

இதுவரை சொன்னவை எண்ணைக் குறைக்கும் வாதங்கள். மறுபக்கமும் உண்டு. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. இ.ஜி.எஃப்.ஆர். சூத்திரங்கள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய உடல்களை அளந்து எழுதப்பட்டவை. தசை குறைவான, இறைச்சி குறைவாக உண்ணும் நம்மவர்களுக்குக் கிரியாட்டினின் இயல்பாகவே தாழ்ந்திருப்பதால், சூத்திரம் உண்மையைவிடக் கூடுதலான திறனைக் காட்டிவிடுகிறது. சண்டிகரில் திறனை நேரடியாக அளந்து ஒப்பிட்ட ஆய்வு இதை உறுதிசெய்தது. ஆக, முகாம்கள் சிலரைத் தேவையில்லாமல் நோயாளியாக்குகின்றன. சூத்திரம் சிலரைத் தவறாக ஆரோக்கியவான் ஆக்குகிறது.

பரிசோதனைக் கூடச் சீட்டில் இன்னொரு பொறி இருக்கிறது. கிரியாட்டினின் 1.2 என்றால் பல சீட்டுகளில் ‘இயல்பு’ என்ற வரம்புக்குள் அடங்கும். 30 வயது ஆணுக்கு அதே 1.2, திறன் 83 என்று ஆகிறது, கவலையில்லை. 65 வயதுப் பெண்ணுக்கு அதே 1.2, திறன் 50. ‘உப்பு நார்மல்தாம்மா’ என்று அனுப்பப்படும் பாட்டிகள் எத்தனை பேர்!

அந்தப் பாட்டிக்கு இருப்பது நோயா, முதுமையா என்பதும் தீராத வழக்கு. நாற்பதுக்கு மேல் திறன் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு புள்ளி குறைவது இயல்பு. புரதம் போகாமல் திறன் மட்டும் 55இல் நிற்கும் எழுபது வயதுக்காரரை நோயாளி என்பதில் பயனில்லை என்கிறது ஒரு தரப்பு. மருந்தின் அளவைத் தீர்மானிக்கவாவது அந்த எண் தெரிய வேண்டும் என்கிறது இன்னொரு தரப்பு. திறன், புரதம் இரண்டையும் சேர்த்தே ஆபத்தை மதிப்பிட வேண்டும் என்று 2012 வழிகாட்டு நெறி சொன்னது நியாயமான சமரசம். தலைப்புச் செய்திகள்தான் எல்லோரையும் ஒரே கூட்டலில் அடைக்கின்றன.

காரணங்களுக்கு வருவோம். 52,273 பேரின் விவரங்களைத் தொகுத்து 2012இல் வெளியான இந்தியப் பதிவேட்டில், 31 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் காரணம். 13 சதவீதத்துக்கு உயர் ரத்த அழுத்தம். 16 சதவீதத்துக்குக் காரணம் தெரியவில்லை. சர்க்கரையின் மேல் உள்ள குற்றச்சாட்டு வலுவானது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் சிறுநீரகச் சேதம் குறைகிறது என்பது சிகிச்சை ஆய்வுகளில் நிரூபணமானது. ரத்த அழுத்தத்தின் கதை அவ்வளவு நேரானதல்ல. அழுத்தம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கெட்ட சிறுநீரகமும் அழுத்தத்தை ஏற்றும். ஒரே நாளில் இரண்டையும் அளந்துவிட்டு எது முந்தியது என்று சொல்ல முடியாது. நோயாளிகளில் பெரும்பான்மையோருக்கு ரத்த அழுத்தம் இருந்தது என்பதைக் காரணத்தின் கணக்காகப் படிப்பது பிழை. ஆனால் சிகிச்சைக்கு இந்தச் சந்தேகம் தடையில்லை. எது முந்தியதாக இருந்தாலும் அழுத்தத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

காரணம் தெரியாத பகுதிதான் நம்மை அதிகம் உறுத்த வேண்டும். தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர் ஆய்வில் நோய் உறுதியானவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் தெரியவில்லை. இலங்கையின் அநுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளிலும் ஆந்திராவின் உத்தானத்திலும் இதே வகை நோய் நீண்ட காலமாக இருக்கிறது. இலங்கையில் கடின நீர், புளோரைடு, பூச்சிமருந்து, களைக்கொல்லி என்று ஒவ்வொன்றும் குற்றவாளிக் கூண்டில் ஏறியது. 2015இல் கிளைபோசேட்டுக்குத் தடை வந்தது. 2018இல் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்கு அது தளர்ந்தது. எந்தக் குற்றமும் முழுதாக நிரூபணமாகவில்லை. நிகரகுவாவின் கரும்புத் தோட்டங்களில் இன்னொரு வழியில் போனார்கள். தொழிலாளர்களுக்குத் தண்ணீர், நிழல், இடைவேளை கொடுத்தார்கள். சிறுநீரகச் சேதம் குறைந்தது. முழுக் காரணமும் பிடிபடும்வரை கைகட்டி நிற்கத் தேவையில்லை என்பதற்கு இது போதும்.

அப்படியானால் எல்லோரையும் சோதித்துவிடலாமா? அறிகுறி இல்லாத பெரியவர்களைப் பொதுவாகச் சோதிப்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது 2012இல் அமெரிக்க தடுப்பு மருத்துவக் குழு. அன்றைக்கு அது சரியான தீர்ப்பு. கண்டுபிடித்தாலும் கொடுக்கப் புதிதாக மருந்து அதிகம் இல்லை. 2020இல் நிலைமை மாறியது. டபாகிளிஃப்ளோசின் மாத்திரை, சர்க்கரை இல்லாதவர்களுக்கும்கூட, சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட பெரும் பாதிப்புகளை 39 சதவீதம் குறைத்தது. அந்த ஆண்டே இந்தியாவில் அதன் முதல் காப்புரிமை முடிந்து விலை இறங்கியது. முன்னரே கண்டுபிடிப்பதால் இன்று பயன் உண்டு. ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் திறன் குறைந்து, புரதமும் கணிசமாகப் போனவர்கள். முகாமில் ஒருமுறை லேசாகப் புரதம் தெரிந்தவருக்கு அதே பலன் கிடைக்கும் என்று அதைக் காட்டி வாதிட முடியாது.

என் தீர்ப்பு இது. ‘ஆறில் ஒருவர்’ மிகை; ‘நூறில் ஒருவர்’ குறை. உண்மையில் சிறுநீரகத் திறன் குறைந்திருப்போர் இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேர் என்பதே இன்றைய சான்றுகளோடு பொருந்தும் கணக்கு. ஆனால் பெருக்கிச் சொன்னதால் வரும் கேட்டைவிடப் பெரிய கேடு வேறு இடத்தில் இருக்கிறது. முன்பு சொன்ன இந்தியப் பதிவேட்டில் 48 சதவீதம் பேர் முதன்முதலாகச் சிறுநீரக மருத்துவரைப் பார்த்தபோதே ஐந்தாம் கட்டத்தில், அதாவது டயாலிசிஸின் வாசலில் இருந்தார்கள். பரபரப்பான எண்கள் இவர்களில் யாரையும் நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

ஊரையே திரட்டும் ஒருநாள் முகாம்களுக்குப் பதில், சர்க்கரை, ரத்த அழுத்தம், குடும்ப வரலாறு, அறுபதைக் கடந்த வயது என ஆபத்து உள்ளவர்களை ஆரம்ப சுகாதார நிலையமே ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் வெயிலில் உழைப்பவர்களைச் சேர்க்காமல் விட்டால் அவர்களில் ஏறத்தாழ பாதி நோயாளிகள் கண்ணில் படமாட்டார்கள். சீட்டில் கிரியாட்டினினோடு இ.ஜி.எஃப்.ஆர். எண்ணையும் அச்சிடுவது கட்டாயமாக வேண்டும்.

நீங்கள் அந்தப் பட்டியலில் இருந்தால் இரண்டு சோதனைகளைக் கேட்டு வாங்குங்கள்: இ.ஜி.எஃப்.ஆர்., சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம். குறை தெரிந்தால் பதறாதீர்கள். மூன்று மாதம் கழித்து மறுசோதனை செய்யாமலும் இருந்துவிடாதீர்கள். அதுவரை மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை நிறுத்தி வையுங்கள்.