நீக்கிப் பார்த்தால் போதுமா? பூஞ்சைகளின் புரதச் சிதைவு பற்றி

பூஞ்சை நோயியலில் நெடுங்காலமாகக் கைகொடுத்துவரும் ஆய்வு முறை ஒன்று உண்டு. ஐயத்துக்குரிய மரபணுவைப் பூஞ்சையிலிருந்து நீக்குவார்கள்; அந்தப் பூஞ்சையைச் சுண்டெலிக்குள் செலுத்துவார்கள்; எலி பிழைத்துக்கொண்டால் அந்த மரபணு நோயுண்டாக்கத் தேவை என்று எழுதுவார்கள். பூஞ்சைகளின் மரபணுக்களைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பங்கு இப்படி வந்ததுதான். ஆனால் புரதச் சிதைவு என்று வரும்போது இந்த முறை தடுமாறுகிறது.

ஒரு புரதத்தின் வேலை முடிந்ததும் செல் அதன்மேல் யுபிகுட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்டி அடையாளமிடும். புரோட்டியசோம் அதைச் சிதைத்துவிடும். ஈஸ்ட் முதல் மனிதர் வரை இதே ஏற்பாடுதான். இதைக் கண்டறிந்த சிகனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் ஆகியோர் 2004இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். எதன்மேல் ஒட்டுவது என்று தேர்ந்தெடுப்பவற்றுள் எஃப்-பாக்ஸ் புரதங்களும் அடங்கும். ஒரு எஃப்-பாக்ஸ் புரதம் பல புரதங்களைத் தேர்ந்தெடுக்கக்கூடும் என்பதால், அதை நீக்கினால் பல கணக்குகள் ஒரே நேரத்தில் குழம்பும்.

கேண்டிடா அல்பிகன்ஸ் பூஞ்சையில் ஜிஆர்ஆர்1 என்ற எஃப்-பாக்ஸ் மரபணுவை நீக்கினால், செல் பிரிதலை நடத்தும் சைக்ளின்கள் சிதையாமல் தேங்குகின்றன. செல்கள் நீண்டு சங்கிலிபோல் ஒட்டிக்கொள்கின்றன. வளர்ச்சியே கோணிய பூஞ்சையால் எலியைக் கொல்ல முடியாவிட்டால் அதில் வியப்பென்ன? அதைக் கொண்டு நோய்த்திறனைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது.

இந்தக் குறையைப் பெருமளவு தாண்டிய ஆய்வு கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் பற்றியது. எச்ஐவி உள்ளவர்களுக்கு மூளைச்சவ்வு அழற்சி தரும் பூஞ்சை இது. அதனால் ஆண்டுக்குச் சுமார் 1,12,000 பேர் இறப்பதாக ஒரு மதிப்பீடு சொல்கிறது. அமெரிக்காவில் சாயோயாங் சுவே குழுவினர் 2011இல் இதன் எஃப்பிபி1 என்ற எஃப்-பாக்ஸ் மரபணுவை நீக்கினர். உறை, மெலனின் போன்ற வழக்கமான ஆயுதங்கள் குறையவில்லை. ஆனாலும் எலிக்கு நோய் முற்றவில்லை. பின்னர், விழுங்கு செல்களுக்குள் பூஞ்சை தாக்குப்பிடிக்க உதவும் ஐஎஸ்சி1 என்ற நொதியின் நிலைப்பை எஃப்பிபி1 கட்டுப்படுத்துகிறது என்றும் காட்டினர். ஆயுதங்கள் அப்படியே இருக்க, நோய்த்திறன் மட்டும் சரிந்தது. நீக்கல் முறைக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இருந்தும் சிக்கல் தீரவில்லை. எஃப்பிபி1 நீக்கிய அந்தப் பூஞ்சையை வெப்பத்தால் கொன்று எலிகளுக்குச் செலுத்தியபோது, பின்னர் உயிருள்ள பூஞ்சை தாக்கியும் அவை பாதுகாப்புப் பெற்றன. சிடி4 என்ற எதிர்ப்புச் செல்கள் நீக்கப்பட்ட எலிகளிலும் அப்படியே. செத்த பூஞ்சை பெருகப்போவதில்லை. அப்படியானால் முதல் சோதனையில் எலி பிழைத்தது பூஞ்சை பலவீனப்பட்டதாலா, எலியின் எதிர்ப்பு தூண்டப்பட்டதாலா? இரண்டும் இருக்கலாம், பிழைத்த எலிகளை எண்ணி இதற்கு விடை காண முடியாது. எஃப்பிபி1ஐ விட்டுவைத்து, இலக்குப் புரதம் ஒன்றில் அடையாளம் ஒட்டும் இடத்தை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். கடினமான, மெதுவான வேலை; அதனால்தானோ என்னவோ, நீக்கல் ஆய்வுகள் குவியும் வேகத்தில் இத்தகைய ஆய்வுகள் வருவதில்லை.

புரதச் சிதைவைத் தடுப்பதை மருந்தாக மாற்றலாம் என்ற பேச்சிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. புரோட்டியசோமைத் தடுக்கும் போர்டிசோமிப் 2003 முதல் மைலோமா புற்றுநோய்க்குப் பயன்படுகிறது. அதைப் பெறுவோருக்கு அக்கி வரும் வாய்ப்பு கூடுகிறது. எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டுவதற்கான கிருமித் துண்டுகளை வெட்டித் தருவதும் நம் புரோட்டியசோம்தான். செத்த பூஞ்சையைத் தடுப்பூசியாக்கும் வழியில் அந்த இடர் இல்லை. ஆனால் அங்கே எலியைத் தாண்டி மனிதருக்கு வர வேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது.