குவாலிட்டி சர்க்கிளும் கிளாஸ் கமிட்டியும்

அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளுக்கு வெளியிடும் ரெகுலேஷன்ஸை முழுசாகப் படித்த மாணவர்கள் குறைவு. நானும் படிக்கிற காலத்தில் படிக்கவில்லை. 75 சதவீத அட்டெண்டன்ஸ், பாஸ் மார்க், அரியர் என்று நமக்கு வேண்டியதை மட்டும் சீனியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதோடு சரி. இப்போது பொறியியல் கல்வி பற்றிக் குறிப்பெடுக்க உட்கார்ந்தபோதுதான் கிளாஸ் கமிட்டி பற்றிய விதியை நிதானமாகப் படித்தேன்.

நல்ல விதிதான். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு குழு. பாடம் நடத்தும் ஆசிரியர்களும் மாணவப் பிரதிநிதிகளும் இருப்பார்கள். தலைவர் அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காதவராக இருக்க வேண்டும். செமஸ்டரின் முதல் வாரத்திலேயே முதல் கூட்டம், பிறகு இரண்டு மூன்று முறை. இது தொழிற்சாலைகளில் உள்ள குவாலிட்டி சர்க்கிள் போன்றது என்று விதியே சொல்கிறது.

எனக்கு இடித்தது அந்த ஒப்புமைதான். ஏனென்றால் குவாலிட்டி சர்க்கிளை நான் வீட்டில் கேட்டு வளர்ந்தவன். அப்பா எண்ணூர் பக்கம் ஒரு ஆலையில் மெஷின் ஷாப்பில் இருந்தார். 1962ல் ஜப்பானில் ஆரம்பித்து, 1980களின் தொடக்கத்தில் ஹைதராபாத் பெல் ஆலை வழியாக இந்தியாவுக்குள் வந்த முறை அது. ஏழெட்டு தொழிலாளிகள் உட்கார்ந்து, தங்கள் வேலையில் எது தொல்லை கொடுக்கிறது என்று தாங்களே பட்டியல் போடுவார்கள். அதில் ஒன்றைத் தாங்களே எடுப்பார்கள். காரணங்களை இஷிகவாவின் மீன் முள் படத்தில் எழுதி, தீர்வை மேலாளர்கள் முன்னால் தாங்களே விளக்குவார்கள். "மீன் முள்ளு எப்படி இருக்கும்னு காசிமேட்டுக்காரனுக்கு ஜப்பான்காரன் சொல்லித்தரான்" என்று அப்பா சிரிப்பார். ஆனால் அவர் குழு சொல்லி மாற்றிய ஒரு ஜிக் பற்றி ரிட்டையர் ஆன பிறகும் பேசுவார்.

இப்போது கிளாஸ் கமிட்டியின் பணிகளாக விதி சொல்வதைப் பாருங்கள். வகுப்பிலும் லேபிலும் உள்ள பிரச்சினைகளைத் தீர்ப்பது முதலில் வருகிறது, சரி. அதன் பிறகு? விதிமுறைகளை விளக்குவது, கால அட்டவணையைத் தெரிவிப்பது, மதிப்பெண் விகிதத்தைத் தெரிவிப்பது, டெஸ்ட் முடிவுகளை அலசுவது, படிப்பில் பின்தங்கியவர்களைக் கண்டறிவது. பெரும்பாலும் மேலிருந்து கீழே தெரிவிக்கிற வேலை. மினிட்ஸ் எழுதி முதல்வரிடம் கொடுப்பதும் தலைவர்தான். எந்தப் பிரச்சினையைப் பேசலாம் என்று மாணவர்கள் தீர்மானிக்கும் இடம் எங்கேயும் இல்லை. குவாலிட்டி சர்க்கிளின் பெயர் வந்துவிட்டது, அதன் உயிர் ஆலை கேட்டிலேயே நின்றுவிட்டது.

நான் ஒரு வருஷம் ரெப். எங்கள் லேபில் ஒரு டெஸ்டிங் மெஷின் செமஸ்டர் முழுக்க ஓடவில்லை. ரீடிங் எல்லாம் சீனியர் ரெக்கார்டிலிருந்து எடுத்தது. கூட்டத்தில் "எனி ப்ராப்ளம்?" என்று கேட்டார்கள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு "நோ சார்" என்றோம். லேப் ஆசிரியர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார், இன்டர்னல் மார்க் அவர் கையில். மாணவர்கள் திருப்தி தெரிவித்ததாக மினிட்ஸ் வந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன். அப்போது இன்டர்னல் 20 மார்க்தான். 2021 ரெகுலேஷன்ஸில் தியரி பாடத்துக்கு அது 40. தொடர் மதிப்பீடு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மேஜையில் வாய் திறக்க இன்றைய பையனுக்கும் பொண்ணுக்கும் என்னைவிட இரண்டு மடங்கு தைரியம் வேண்டும்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர் கரையில் மீனவர்களோடு மாணவர்களும் நின்று வாளியால் அள்ளினார்கள். கடல் நீரில் கலந்து தடித்துப்போன அந்தக் குழம்பை உறிஞ்ச முடியாமல் பம்புகள் திணறின. விஸ்காசிட்டி கணக்குப் போட்டு மார்க் வாங்கியிருந்தோம். அந்தப் பம்பு ஏன் தோற்றது என்று எங்கள் வகுப்பில் யாரும் கேட்கவில்லை, கேட்க வைக்கவும் இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடி எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. திருவொற்றியூரிலிருந்து பஸ் பிடித்துக் கல்லூரி போகும் மாணவருக்கு இது செய்தி இல்லை, வீட்டு வாசல். கடைசி வருஷ ப்ராஜெக்டை மட்டும் கடையில் காசு கொடுத்து வாங்குவார்கள்.

"சிலபஸ் பல்கலைக்கழகம் போடுவது, 400க்கும் மேற்பட்ட கல்லூரிகள், மாணவனைக் கேட்டா நடத்த முடியும்?" என்பார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் ஆலின் பொறியியல் கல்லூரி 2001ல் 30 மாணவர்களை ஒரு வருஷம் முன்னதாகவே அழைத்து, அவர்களோடு சேர்ந்து பாடத்திட்டத்தைச் சோதித்துப் பார்த்தது. பணமும் சுதந்திரமும் உள்ள சின்னக் கல்லூரி, நம்மோடு ஒப்பிட முடியாது. ஆனால் சிலபஸைத் தொடாமலே செய்யக் கூடியவை உண்டு. ப்ராஜெக்ட் தலைப்பு, லேபில் மெஷின் ஓடுகிறதா என்பது, எந்தப் பாடத்தை எந்த உதாரணத்தோடு நடத்துவது, இவையெல்லாம் கல்லூரியின் கையில்தான் இருக்கின்றன.

நான் கேட்பது மூன்றுதான். கூட்டத்தில் பேச வேண்டிய முதல் பிரச்சினையை வகுப்பு முழுக்கப் பெயர் போடாமல் எழுதிக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கட்டும். மினிட்ஸை ஒரு மாணவர் எழுதட்டும், தலைவர் திருத்தட்டும். அடுத்த கூட்டம், போன கூட்டத்தில் சொன்னது என்ன ஆச்சு என்பதில் ஆரம்பிக்கட்டும். அப்பாவின் ஆலையில் இவ்வளவும் நடந்தது, அவர் படித்தது ஐ.டி.ஐ.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போது ரெப்பாக இருந்தால் ஒரு வேண்டுகோள். மினிட்ஸ் வந்ததும் கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை படியுங்கள். லேபில் மெஷின் ஓடவில்லை என்றால், "ஓடவில்லை" என்ற ஒரு வார்த்தையாவது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்காமல் விட்டேன்.