மறுக்கத் தெரிந்த மீன்

தூண்டில் போடுவதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிக் குவித்திருப்பதைப் பார்த்தால், மீன் பிடித்த நேரத்தைவிட அதைப் பற்றி எழுதிய நேரம்தான் அதிகமாக இருக்கும் போலிருக்கிறது. ஐஸக் வால்ட்டன் 1653-ல் பிரபலமாக்கிய வழக்கம் இது. இந்த எழுத்துக்களில் பெரும்பாலானவை இரண்டே ஜாதி. ஒன்று, பிடித்த மீனைப் பற்றிய பெருமை. மற்றொன்று, தப்பிப் போன மீனைப் பற்றிய புலம்பல். இரண்டிலும் சேராத ஒரு சின்னக் கதையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். எழுதியவர் ஜி. இ. எம். ஸ்கியூஸ் என்ற லண்டன் வக்கீல். 1932-ல் வெளிவந்த அவருடைய தொகுதி ஒன்றில் இருக்கிறது.

கதையின் முடிவை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். விமர்சனம் எழுதுகிறவனுக்கு அந்தப் பாவம் உண்டு.

தியோடர் காஸ்ட்வெல் என்பவர் ஆயுள் முழுவதும் தூண்டில் பிடித்துவிட்டு இறந்துபோகிறார். தூண்டிலை நன்றாக வீசுகிறவர் என்பது பெயரிலேயே இருக்கிறது. மேலுலகத்தில் அவருக்குத் தெளிந்த ஓடை, அழகான குடிசை, நேர்த்தியான கோல், கூட ஓர் ஏவலாள், எல்லாம் தயாராக இருக்கின்றன. முதல் வீச்சிலேயே இரண்டரை ராத்தல் டிரவுட். அதே இடத்தில் மறுபடி வீசுகிறார். அதே எடையில் இன்னொன்று. பிறகும் ஒன்று. வேறு இடத்துக்குப் போகலாமா என்றால், கூடாது. மாலையில் ஓய்வு உண்டா என்றால், மாலை என்பதே இங்கு இல்லை. இரவு? அதுவும் இல்லை. இப்படியே பிடித்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். தாம் வந்து சேர்ந்திருக்கும் இடம் சொர்க்கமல்ல என்பது கடைசி இரண்டு வரியில்தான் அவருக்குப் புரிகிறது.

இந்தக் கதையின் ருசி தெரியவேண்டுமானால் அந்த மீனைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். சிறு வயதில் எங்கள் ஊர் வாய்க்காலில் நான் போட்ட தூண்டில் வேறு. முள்ளில் மண்புழுவைக் குத்தி, தக்கை மிதக்க விட்டு, அரட்டை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கலங்கல் தண்ணீர், கெளுத்திக்கு எங்கள் முகம் தெரியாது. டிரவுட் அப்படியல்ல. வெள்ளைக்காரர்கள் நீலகிரி ஓடைகளில்கூட அதைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். குளிர்ந்த, தெளிந்த, ஓடுகிற தண்ணீர் வேண்டும் அதற்கு. முழங்கால் ஆழமுள்ள சின்ன ஓடையில், நீரோட்டத்தை எதிர்நோக்கி அசையாமல் நிற்கும். ஒளி வளைவதால், வெளி உலகம் முழுவதும் அதன் தலைக்கு மேலே ஒரு வட்ட ஜன்னலுக்குள், ஏறக்குறைய 97 டிகிரிக்குள், ஒடுங்கித் தெரியும். நின்றுகொண்டு வருகிறவன் அந்த ஜன்னலில் தலைகாட்டிவிடுவான். ஆகவே பின்புறமாக, கீழ் நீரிலிருந்து, மண்டியிட்டுத்தான் வரவேண்டும். கரையில் அழுத்தி மிதித்தால் அதிர்ச்சி தண்ணீருக்குப் போய்விடும். நிழல் விழக்கூடாது.

இதெல்லாம் ஆன பிறகு, சேவல் இறகையும் பட்டு நூலையும் முள்ளில் சுற்றிச் செய்த ஒரு பொய் ஈயை வீச வேண்டும். அதற்கு எடையே கிடையாது. கனமான கயிற்றை வீசினால்தான் ஈ அதோடு போய் விழும். விழுந்த பிறகுதான் உண்மையான சங்கடம். ஓடையின் நடுவே நீர் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் போகும். நடுநீர் கயிற்றை இழுத்தால் ஈயும் இழுபடும். உயிருள்ள பூச்சி நீர் போகிற போக்கில் போகுமே தவிர, குறுக்கே கோடு கிழித்துக்கொண்டு போகாது. அந்த வித்தியாசம் மீனுக்குத் தெரியும். எழும்பி வரும், பார்க்கும், திரும்பிப் போய்விடும். சிறிய ஓடையில் பயந்த மீன் பாசிக்குள் ஒளிந்தால் அன்றைய காரியம் முடிந்தது.

ஸ்கியூஸ் இந்த மறுப்பைத்தான் ஆயுள் முழுவதும் படித்துக்கொண்டிருந்தார். வின்செஸ்டருக்கு அருகில் இட்சன் என்று ஓர் ஆறு. சுண்ணாம்புப் பாறை வழியே ஊறி வருகிற நீர், கண்ணாடி போலிருக்கும். அங்கே அவர் காலத்தில் ஹால்ஃபர்டு என்பவர் வைத்ததுதான் சட்டம். 1886-ல் அவர் எழுதிய புஸ்தகம் வேதமாகிவிட்டது. ஈ தண்ணீரின் மேல் மிதக்கவேண்டும். மற்றதெல்லாம் அநாசாரம் என்றார்கள் அவர் சீடர்கள். ஸ்கியூஸோ பிடித்த மீனின் வயிற்றிலிருந்ததைக் கரண்டியால் எடுத்துத் தண்ணீரில் கலக்கிப் பார்த்தார். பெரும்பாலும் இருந்தவை நீருக்குள்ளேயே வாழும் இளம் பூச்சிகள், இன்னும் சிறகு விரிக்காதவை. மீன் மேலே பார்க்காதபோது மேலே ஈ காட்டி என்ன பயன் என்று 1910-ல் எழுதினார். ஆசாரவாதிகள் விடவில்லை. எண்பதை நெருங்கிய வயதில், 1938-ல், லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் இதற்காக ஒரு விவாதமே நடந்தது.

மீன் ஏன் மறுக்கிறது என்று இத்தனை வருஷம் யோசித்த ஒருவர்தான், மறுக்காத மீனை நரகமென்று கண்டுகொள்ள முடியும். காஸ்ட்வெல்லின் இரண்டரை ராத்தல் மீன்களுக்குப் பயமில்லை, சந்தேகமில்லை, ருசிபேதமில்லை. அவருடைய திறமை முழுவதும் அந்த ஓர் அருளால் பாழாகிறது.

கதையில் குறை இல்லையா என்றால், உண்டு. காஸ்ட்வெல்லுக்குத் தூண்டிலைத் தவிர வாழ்க்கை கிடையாது. மனைவி, கடன், பொறாமை என்று எதுவும் தெரிவதில்லை. ஏவலாள் வெறும் பதில் சொல்லும் பொம்மை. முடிவு விகடத் துணுக்கின் கடைசி வரி மாதிரி சொடுக்குகிறது. 1925-ல் ஹெமிங்வே எழுதிய மிச்சிகன் ஆற்றுக் கதையோடு வைத்துப் பார்த்தால் இது தெரியும். அதில் ஈ கிடையாது, உயிருள்ள வெட்டுக்கிளிதான் இரை. ஆனால் பெரிய மீன் ஒன்று அறுத்துக்கொண்டு போனதும் நிக்கின் கை நடுங்குகிறது. அந்த நடுக்கத்தில் ஒரு மனிதன் முழுதாக நிற்கிறான். ஸ்கியூஸிடம் அது இல்லை. இருந்தும் முடிவு தெரிந்த பிறகு மறுபடி படித்தால் வேறொன்று கிடைக்கிறது. பயங்கரம் கடைசி வரியில் இல்லை. எடை மாறாமல் அடுத்த மீன் வந்து விழுகிறதே, அந்த இடத்தில் இருக்கிறது. கை தன் பாட்டுக்கு வேலை செய்கிறது. மனசு அங்கே இல்லை.

எனக்கு இது வெறும் தூண்டில் கதையாக இல்லாமற் போனதற்குக் காரணம் உண்டு. வாரப் பத்திரிகை ஒன்றில் நான் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். வாரா வாரம் 'பிரமாதம்' என்று கடிதங்கள், எல்லாம் ஒரே எடை. பதினேழாவது அத்தியாயத்தை ஒரே ராத்திரியில், திருப்பிப் பார்க்காமல், எழுதி அனுப்பினேன். அதற்கும் பிரமாதம்தான். ஒரு தபால் கார்டு மட்டும் வேறு மாதிரி வந்தது. 'ஐந்தாவது அத்தியாயத்தில் காலமான பெரியம்மா பதினேழில் வற்றல் குழம்பு வைத்திருக்கிறாள். இனி நான் படிப்பதாக இல்லை. க்ஷேமமாக இருக்கவும்.' அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் இல்லை. பாசிக்குள் போய்விட்டார்.

வாசகரை மீனுக்கு ஒப்பிடுகிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். கரையில் நிற்கிறவனைவிட அந்த மீன் அறிவாளி என்பதுதான் ஸ்கியூஸ் எழுதியவை அனைத்துக்கும் சாரம். நம் பத்திரிகைக் கதைகளைப் பற்றிக் குறை சொல்லும்போது ஆசிரியரைத் திட்டுகிறோம், விற்பனையைத் திட்டுகிறோம். எழுதுகிறவன், எதை வீசினாலும் கவ்வுகிற இடமாகப் பார்த்துத் தினமும் போய் நிற்கிறானே, அதைச் சொல்வதில்லை. காஸ்ட்வெல்லுக்கு அந்த இடத்தை விட்டு நகர அனுமதி இல்லை. நமக்கு இருக்கிறது. பெரியம்மாவுக்காக விலகிப்போன அந்த ஒருவர் திரும்பி வந்து படிக்கும்படி ஓர் அத்தியாயம் எழுதிவிட்டால் போதும் என்று இப்போது தோன்றுகிறது. இன்னும் எழுதவில்லை.